ஊடுருவலும் ஊறும்

2006 நவம்பர் முதல் தேதி, லண்டன் விடுதி ஒன்றில் தேநீர் அருந்திய அலெக்சாண்டர் லித்வினென்கோ அன்றிரவே வாந்தியெடுக்கத் தொடங்கினார். ரஷ்ய உளவுத் துறையிலிருந்து விலகி பிரிட்டனில் தஞ்சம் புகுந்தவர் அவர். அடுத்த சில வாரங்களில் முடி கொட்டியது, எலும்பு மஜ்ஜை செயலிழந்தது, உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தேலியம் நஞ்சாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுற்றார்கள். கதிர்வீச்சோ என்று கைகர் கருவியை வைத்துப் பார்த்தபோது அது எதையும் காட்டவில்லை. சிறுநீர் மாதிரி ஆல்டர்மாஸ்டனில் உள்ள அணு ஆயுத ஆய்வகத்துக்குப் போன பிறகுதான் பொலோனியம்-210 என்ற விடை வந்தது. விடை உறுதியான சில மணி நேரத்தில், நவம்பர் 23 அன்று, அவர் இறந்துபோனார்.

கருவியில் பழுது இல்லை. பொலோனியம்-210 வெளியிடுவது ஏறக்குறைய முழுக்க முழுக்க ஆல்பா துகள்கள். காமா கதிர் வருவது லட்சம் சிதைவுக்கு ஒன்று என்ற அளவில்தான். ஆல்பா துகளுக்கு உடலின் சதையைக் கடந்து வெளியே வரும் வல்லமை கிடையாது. தோலைத் தாண்டி வந்து தன்னைக் காட்டிக்கொள்ள முடியாத அந்தக் கதிர்தான் உள்ளேயிருந்து ஒரு மனிதரைக் கொன்றது.

பள்ளிப் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் படம் ஒன்று உண்டு. ஆல்பாவைக் காகிதம் தடுக்கும், பீட்டாவை அலுமினியத் தகடு தடுக்கும், காமாவுக்குக் கனமான ஈயம் வேண்டும். படம் சரி. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்தான் பிசகுகிறது: ஆல்பா நோஞ்சான், காமா பலசாலி, ஆகவே அதிகம் ஊடுருவுவதே அதிக ஆபத்து என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. பொலோனியத்தின் ஆல்பா துகள் சுமக்கும் ஆற்றல் 5.3 மெகா எலக்ட்ரான் வோல்ட். கோபால்ட்-60 வெளியிடும் இரண்டு காமா கதிர்களும் முறையே 1.17, 1.33 மட்டுமே. ஆற்றலில் ஆல்பா நான்கு மடங்கு பெரியது. அதை எவ்வளவு தூரத்துக்குள் செலவழிக்கிறது என்பதில்தான் வேறுபாடு. கதிர் ஊறு செய்வது ஆற்றலை இழக்கும் இடத்தில். இழக்காமல் கடந்துபோன கதிர் அந்த உடலுக்கு எதுவும் செய்யவில்லை. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் அணு உலை முதல் புற்றுநோய் மருத்துவமனை வரை பல செய்திகள் தெளிவாகும்.

பெயர் வந்த வழி

ஆல்பா, பீட்டா என்ற பெயர்கள் பிறந்ததே ஊடுருவலை அளக்கும் சோதனையில்தான். 1899இல் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு யுரேனியத்தின் மேல் மெல்லிய உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கதிர் எப்படிக் குறைகிறது என்று பார்த்தார். முதல் சில தகடுகளிலேயே பெரும்பகுதி அடங்கிப்போனது. எஞ்சிய சிறுபகுதி மேலும் பல தகடுகளைத் தாண்டிச் சென்றது. ஆக, இரண்டு வகைக் கதிர்கள் இருக்கின்றன என்று முடிவு செய்து, கிரேக்க நெடுங்கணக்கின் முதல் இரண்டு எழுத்துகளை அவற்றுக்குச் சூட்டினார். மறு ஆண்டே பாரிஸில் பால் வில்லார் ரேடியத்திலிருந்து இன்னும் ஆழமாகச் செல்லும் கதிரைக் கண்டார். அதுவே காமா ஆயிற்று. அவை என்ன பொருளால் ஆனவை என்பது தெரியும் முன்பே எவ்வளவு தூரம் போகும் என்பது தெரிந்துவிட்டது. அந்த வரிசை இன்றும் நம் எண்ணத்தில் ஆபத்தின் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மின்னூட்டம் கொண்டவை

ஆல்பா துகள் என்பது இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்ந்த ஹீலிய அணுக்கரு. கனமானது, இரட்டை மின்னூட்டம் கொண்டது, வேகம் ஒளியின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு. வழியில் உள்ள ஒவ்வோர் அணுவின் எலக்ட்ரானையும் அதன் மின்புலம் இழுத்துப் பிடுங்குகிறது. ஒருமுறை பிடுங்கும்போது சராசரியாக 35 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தீர்வதற்குள் காற்றில் ஒன்றரை லட்சம் அளவுக்கு அயனி இணைகள் உண்டாகிவிடும். அதற்கு ஆகும் தூரம் காற்றில் மூன்றரை சென்டிமீட்டர். உடல் திசுவில் 40 மைக்ரோமீட்டர், அதாவது மூன்று நான்கு செல்களின் அகலம். தோலில் பிளவுறும் உயிருள்ள செல்கள் சராசரியாக 70 மைக்ரோமீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. அதற்கு மேலுள்ளவை உதிரப்போகும் செல்கள், மேற்பரப்பில் இருப்பது இறந்த அடுக்கு. அதனால் உள்ளங்கையில் விழும் ஆல்பாவால் பெரிய தீங்கில்லை. அதே பொருள் நுரையீரலுக்குள் புகுந்தால் காப்பதற்கு இறந்த அடுக்கு ஏதும் இல்லை. நாற்பது மைக்ரோமீட்டருக்குள் எல்லா அடியும் விழுகிறது, மரபணு இழையின் இரண்டு புரிகளும் அருகருகே அறுபடுகின்றன. ஒரு புரி அறுந்தால் மற்றதைப் பார்த்துச் செல் பழுது நீக்கிக்கொள்ளும். இரண்டும் அறுந்தால் பழுதுபார்ப்பு தடுமாறுகிறது. பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் சமமான ஆற்றலுக்குக் காமாவுக்கு 1 என்றும் ஆல்பாவுக்கு 20 என்றும் எடையிடுவது இதனால்தான்.

பீட்டா என்பது அணுக்கருவிலிருந்து பாயும் எலக்ட்ரான். ஆல்பாவைவிட ஏழாயிரம் மடங்குக்கு மேல் இலேசானது. மோதும் இடந்தோறும் திசை மாறித் தள்ளாடியபடியே போகும். அது எவ்வளவு ஆழம் செல்லும் என்பது எந்தத் தனிமத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. டிரிட்டியத்தின் பீட்டா தண்ணீரில் சில மைக்ரோமீட்டரில் நின்றுவிடும். தோலின் இறந்த அடுக்கைக்கூடக் கடக்காது. ஆய்வகங்களில் புழங்கும் பாஸ்பரஸ்-32இன் பீட்டா எட்டு மில்லிமீட்டர் வரை போகும். உட்காயம் செய்யாவிட்டாலும் தோலைச் சுட்டுவிட அந்த ஆழம் போதும். 1986இல் செர்னோபிலில் கடும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளான உலைப் பணியாளர், தீயணைப்பு வீரர் பலரின் நிலையை மோசமாக்கியவை பீட்டா சுட்ட தோற்புண்கள்தான். நனைந்த உடையில் ஒட்டிய தூசி உடலோடு ஒட்டியபடியே கதிரை இறக்கிக்கொண்டிருந்தது.

பீட்டாவைத் தடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கனமான பொருள்தான் நல்ல தடுப்பு என்று ஈயத்தை முதலில் வைத்தால், வேகமாக வரும் எலக்ட்ரான் ஈய அணுக்கருவின் அருகே சட்டென வளைந்து, இழந்த ஆற்றலின் ஒரு பகுதியை எக்ஸ்ரேயாகக் கக்கும். நிறுத்த வேண்டிய கதிரை நிறுத்தி, இன்னும் ஊடுருவும் கதிரை உண்டாக்கியதாகிவிடும். ஆகவேதான் பாஸ்பரஸ்-32 கையாளும் ஆய்வகங்களில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகையை மறைப்பாக வைக்கிறார்கள். ஈயம் தேவைப்பட்டால் அதற்கு வெளிப்புறம்தான்.

தற்செயலின் கணக்கு

ஆல்பாவும் பீட்டாவும் குறிப்பிட்ட தூரத்தில் நின்றே தீரும். காமாவுக்கும் எக்ஸ்ரேக்கும் அப்படி ஓர் எல்லைக்கோடு இல்லை. மின்னூட்டம் இல்லாத ஒளித்துகள்கள் அவை. ஓர் அணுவில் மோதும்வரை எதையும் இழக்காமல் போகும். மோதினால் ஆற்றலின் பெரும்பகுதியோ முழுவதுமோ ஒரே இடத்தில் போய்விடலாம். எனவே இங்கே பேசுவது பாதியாக்கும் தடிமனைப் பற்றித்தான். சீசியம்-137இன் காமாவைப் பாதியாக்க ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் ஈயமோ 8 சென்டிமீட்டர் தண்ணீரோ வேண்டும். கோபால்ட்-60க்கு 12 மில்லிமீட்டர் ஈயம், 11 சென்டிமீட்டர் தண்ணீர். அதே தடிமனை இன்னொரு முறை சேர்த்தால் கால்பங்கு, மீண்டும் சேர்த்தால் அரைக்கால். சுழி ஒருபோதும் வராது. ‘முழுப் பாதுகாப்பு’ என்ற சொல்லை இத்துறையில் வேலை செய்பவர்கள் தவிர்ப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

உடல் பெரும்பாலும் தண்ணீர். இருபத்திரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள வயிற்றில் கோபால்ட் காமா பாய்ந்தால் ஏறத்தாழ கால்பங்கு எதையும் தொடாமல் முதுகு வழியே வெளியேறிவிடும். எக்ஸ்ரே படம் எடுக்கப் பயன்படும் குறைந்த ஆற்றல் கதிரில் அப்படி வெளியேறுவது சில விழுக்காடுதான். அந்தச் சில விழுக்காடே படத்தை வரைகிறது. குறைந்த ஆற்றலில் கதிரை விழுங்கும் திறன் அணு எண்ணின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்காக ஏறும். எலும்பில் உள்ள கால்சியத்தின் அணு எண் 20, சதையில் மிகுந்துள்ள ஆக்சிஜனின் அணு எண் 8. ஆகவே எலும்பு வெள்ளையாகவும் சதை மங்கலாகவும் பதிகின்றன. 1895இல் ராண்ட்கன் தன் மனைவியின் கையைப் படம் பிடித்தபோது எலும்பும் மோதிரமும் தெரிந்தது இந்த வேறுபாட்டினால்தான்.

எக்ஸ்ரே அறையில் ஊழியர் அணியும் ஈய மேலங்கி அரை மில்லிமீட்டர் ஈயத்துக்கு இணையானது. அங்கே சிதறிவரும் குறைந்த ஆற்றல் கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அது தடுக்கும். அதே மேலங்கியோடு சீசியம்-137 மூலத்தின் முன் நின்றால் தடுக்கப்படுவது ஆறு விழுக்காடு அளவே. கனத்தைச் சுமந்து மெதுவாக நடப்பதைவிட, மேலங்கி இல்லாமல் விரைந்து விலகுவதே அங்கே பாதுகாப்பு. தூரம் இரு மடங்கானால் கதிர் கால்பங்காகும்.

ஈயம் தோற்கும் இடம்

நியூட்ரானும் மின்னூட்டம் இல்லாதது, ஆனால் அதன் கணக்கு வேறு. அது எலக்ட்ரான்களைக் கண்டுகொள்வதில்லை. அணுக்கருவோடு நேரடியாக மோதினால்தான் வேகம் குறையும். தன்னைவிட இருநூறு மடங்கு கனமான ஈயக் கருவில் மோதினால் அதிகபட்சம் இரண்டு விழுக்காடு ஆற்றலை இழந்து தெறித்துத் திரும்பும். தன் எடையே உள்ள ஹைட்ரஜன் கருவில் நேருக்கு நேர் மோதினால் முழு ஆற்றலையும் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே நியூட்ரானுக்குத் தடுப்பு தண்ணீர், பாரஃபின் மெழுகு, பாலித்தீன் போன்ற ஹைட்ரஜன் மிகுந்த பொருள்கள்.

கல்பாக்கத்தில் உள்ள காமினி என்னும் சிறிய ஆய்வு உலை இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. விண்வெளித் திட்டத்துக்கான வெடிப்புக் கருவிகளின் உலோகக் கூட்டுக்குள் மருந்து சீராக நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே உதவாது, ஏனெனில் எக்ஸ்ரேயை உலோகமே விழுங்கிவிடும். நியூட்ரான் உலோகத்தைச் சட்டை செய்யாமல் கடந்து, ஹைட்ரஜன் உள்ள மருந்தில் தடுக்கப்படும். ஒரே பொருளை எக்ஸ்ரேயிலும் நியூட்ரானிலும் படம் எடுத்தால் ஒன்றில் தெரிவது மற்றதில் மறைந்திருக்கும்.

உடலிலும் ஹைட்ரஜன் நிறைந்திருப்பதால் நியூட்ரானுக்கு நாம் நல்ல தடுப்பு. நமக்கு அது கெட்ட செய்தி. மோதப்பட்ட புரோட்டான் குறுகிய தூரத்தில் அடர்த்தியான சேதம் செய்யும். அத்தோடு நிற்பதில்லை. மற்ற கதிர்கள் பொதுவாகப் பட்ட பொருளைக் கதிரியக்கம் உள்ளதாக்குவதில்லை, நியூட்ரான் ஆக்கும். இரத்தத்தில் உள்ள சோடியம் நியூட்ரானை விழுங்கிப் பதினைந்து மணி நேர அரைவாழ்நாள் கொண்ட சோடியம்-24 ஆகிறது. உலை விபத்தில் யார் எவ்வளவு நியூட்ரானை ஏற்றார்கள் என்பதை இரத்தத்தின் சோடியத்தைக் கொண்டே கணிக்கிறார்கள்.

ஊடுருவலின் உச்சத்தைப் பார்த்தால் ஆபத்தின் வரிசை முற்றிலும் குலைகிறது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் வினாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்ற கணக்கில் கடந்து போகின்றன. பூமியையே துளைத்துச் செல்லும் அவை எதையும் இழப்பதில்லை. எனவே எந்த ஊறும் இல்லை. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் பேசப்பட்டபோது, மலைக்கடியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. உள்ளிருந்து ஏதோ வெளியேறாமல் தடுக்கத்தான் என்ற அச்சமும் எழுந்தது. உண்மையில் அந்தப் பாறை வானிலிருந்து விழும் மியூவான் துகள்களை வடிகட்டுவதற்கு. சுரங்கம் தோண்டுவதால் மலைக்கும் நீருக்கும் என்னாகும் என்பது நியாயமான தனிக் கேள்வி. அதைக் கதிர்வீச்சு அச்சத்தோடு குழப்பினால் இரண்டுக்குமே பதில் கிடைக்காது.

வெளியே, உள்ளே

மனித உடல் தாங்காத கதிர் அளவு ஆற்றலில் மிகச் சொற்பம். உடல் முழுதும் கிலோகிராமுக்கு 4 ஜூல், அதாவது 4 கிரே, குறுகிய நேரத்தில் ஏற்றவர்களில் சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப்பேர் ஓரிரு மாதங்களில் இறப்பார்கள். அந்த ஆற்றல் உடல் வெப்பத்தை உயர்த்துவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மடக்கு சூடான காபி அதைவிட அதிக வெப்பத்தைத் தரும். வெப்பம் உடலெங்கும் பரவிக் கரைகிறது. கதிரோ அந்தச் சிறு ஆற்றலைத் தனித்தனி மூலக்கூறுகளின் பிணைப்பை அறுக்கும் அளவுக்குக் குவித்து இறக்குகிறது.

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட கதிர்மருத்துவ நிலையத்திலிருந்து ஒரு கருவியின் பாகத்தை இருவர் பழைய இரும்புக்காக எடுத்துச் சென்றார்கள். உள்ளே 93 கிராம் சீசியம் குளோரைடு. இருளில் நீலமாக ஒளிர்ந்த அந்தப் பொடியை உறவினரும் நண்பரும் பகிர்ந்துகொண்டார்கள், தோலில் பூசிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அது படிந்த கையோடு உணவு உண்டாள். ஒரே பொருள் மூன்று வழிகளில் தாக்கியது: காமா அறைக்கு அப்பால் இருந்தவரையும் தொட்டது, பீட்டா தோலைப் புண்ணாக்கியது, விழுங்கப்பட்ட சீசியம் தசையெங்கும் பரவி உள்ளிருந்தே கதிரிட்டது. சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தனர். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்ததில் 249 பேரிடம் மாசு காணப்பட்டது.

2010இல் தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது வேறு மாதிரி. பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட, நெடுங்காலம் பயனில்லாமல் கிடந்த கதிரூட்டுக் கருவியில் கோபால்ட்-60 இருந்தது. அது உலோகத் துண்டு, பொடி அல்ல. எனவே முக்கிய ஆபத்து வெளியிலிருந்து பாய்ந்த காமா. ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். துண்டை அகற்றி ஈயக் கலத்தில் அடைத்தால் ஆபத்து விலகிவிடும். காமாவால் கதிரூட்டப்பட்டவரைத் தொடுவதால் அடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. கோயானியாவிலோ மண்ணையும் வீட்டையும் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. கதிர் படுவது வேறு, கதிரியக்கப் பொருள் ஒட்டுவது வேறு என்பதை இந்த இரண்டு நகரங்களும் விலைகொடுத்துக் கற்றன.

குமரிக் கடற்கரையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டிய இடம். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை வைத்து 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சியில் தொடங்கிய மணல் பிரிக்கும் தொழில் இன்றும் நடக்கிறது. மோனசைட்டில் உள்ள தோரியமும் அதன் வழித்தோன்றல்களும் மூன்று வகைக் கதிர்களையும் வெளியிடுகின்றன. கடற்கரையில் நடப்பவரை எட்டுவது பெரும்பாலும் காமா. ஆல்பா மணலுக்குள்ளேயே அடங்கிவிடும். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இத்தகைய மணல்மேல் வாழும் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வு, காமா அளவு கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. அதைக் கொண்டு மணல் தொழிலில் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வு முதன்மையாக அளந்தது வெளிக் காமாவை. மணலைப் பிரிக்கும் ஆலைக்குள் தூசி பறந்தால், கடற்கரையில் அடங்கிக் கிடந்த ஆல்பா நுரையீரலை எட்டுகிறது. அங்கே கேட்க வேண்டியது காமா அளவை மட்டும் அல்ல, காற்றிலுள்ள தூசியையும் முகக்கவசத்தையும் பற்றி.

நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

மருத்துவம் இந்த அறிவையெல்லாம் எதிர்த்திசையில் பயன்படுத்துகிறது. கேடு செய்யும் இடத்தை நாமே குறித்துக்கொடுத்தால் அது சிகிச்சை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1950களிலேயே கோபால்ட்-60 சிகிச்சையைத் தொடங்கியது. பழைய எக்ஸ்ரே சிகிச்சையில் தோலும் எலும்பும் அளவுக்கு மீறி வாங்கிக்கொண்டன. கோபால்ட் காமாவின் உச்சம் தோலுக்கு ஐந்து மில்லிமீட்டர் கீழே அமைவதால் தோல் தப்பியது; அந்த ஆற்றலில் எலும்பும் சதையும் ஏறக்குறைய ஒரே அளவு விழுங்குவதால் எலும்பும் தப்பியது. ஆனால் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் எஞ்சுவது உச்ச அளவின் பாதியை ஒட்டியே. கட்டியைத் தாண்டியும் கதிர் போய்க்கொண்டே இருக்கும்.

போய்க்கொண்டே இராத கதிர் ஒன்று 1904இலேயே தெரிந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வில்லியம் ஹென்றி பிராக், ஆல்பா துகள் பாதையின் முடிவில்தான் மிக அடர்த்தியாக அயனியாக்குகிறது என்று கண்டார். வேகம் குறையக் குறைய ஒவ்வோர் அணுவின் அருகிலும் அது கூடுதல் நேரம் தங்குவதே காரணம். புரோட்டானும் அப்படியே. 1946இல் ராபர்ட் வில்சன், புரோட்டானின் ஆற்றலைச் சரியாகத் தேர்ந்தால் அந்த உச்சத்தைக் கட்டியின்மேல் வைக்கலாம் என்று எழுதினார். 70 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் 4 சென்டிமீட்டரில் நிற்கும்; 230 ஆனால் 33 சென்டிமீட்டர் போகும். நின்ற இடத்துக்கு அப்பால் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. 2019இல் சென்னையில் தொடங்கப்பட்ட புரோட்டான் சிகிச்சை மையம் இந்தக் கொள்கையில்தான் இயங்குகிறது. குழந்தைகளின் மூளைக் கட்டிகளில் இதன் மதிப்பு அதிகம். எல்லாப் புற்றுநோய்க்கும் இது மேலானதென நிறுவப்படவில்லை, செலவோ பல மடங்கு.

அயோடின்-131 இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்கிறது. தைராய்டு அயோடினை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். அங்கே பீட்டா ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் தன் ஆற்றலை இறக்கிப் புற்றுச் செல்லை அழிக்கும். அதே அணுவின் காமா உடலைக் கடந்து வெளிவந்து, மருந்து எங்கெங்கே சேர்ந்திருக்கிறது என்று கருவிக்குக் காட்டும். நோயாளியைச் சில நாள் தனியறையில் வைப்பதும் அந்தக் காமாவுக்காகவே. செர்னோபிலில் பாலோடு குழந்தைகளின் தைராய்டுக்குள் போய்ப் புற்றை விதைத்ததும் இதே அயோடின்தான். கதிர் ஒன்றே, அது சேர்ந்த தைராய்டு யாருடையது, எவ்வளவு சேர்ந்தது, எதற்காகச் சேர்ந்தது என்பவை வேறு.

அணு உலையோ, மணல் ஆலையோ, மருத்துவமனையோ, கதிர்வீச்சு பற்றிய செய்தி வரும்போது இரு தரப்பும் ஒற்றை எண்ணை நீட்டுவது வழக்கம். ஒருவர் ‘வழக்கத்தைவிட இத்தனை மடங்கு’ என்பார், மற்றவர் ‘அனுமதித்த அளவுக்குள்’ என்பார். அந்த எண் எந்தக் கதிரை அளந்தது? அளந்த கருவியால் ஆல்பாவைக் காண முடியுமா? மூலம் மூடிய கலத்தில் இருக்கிறதா, காற்றிலும் நீரிலும் கலந்துவிட்டதா? கலந்தது எனில் உடலில் எந்த உறுப்பு அதை இழுத்துச் சேர்க்கும்? இந்த நான்குக்கும் விடை சொல்லாத எண் அச்சுறுத்தவும் உதவாது, ஆறுதல் சொல்லவும் உதவாது. விடை கேட்கும் உரிமை அந்தக் கதிரின் பாதையில் வாழும் மக்களுக்கு உண்டு. கேட்பதற்கு வேண்டிய இயற்பியல் பள்ளிப் பாடநூல் அளவைத் தாண்டாது.